காதுக்கு வேலை வைக்கும் படங்கள்: அண்மைச் சுயாதீனப் படங்களும் உலகப் படங்களும் (விவாத இழை)

பாளை விமர்சகர் (இழையைத் தொடங்கியவர்)

அண்மை ஆண்டுகளில் வந்த சுயாதீனப் படங்களைப் பற்றியும் பிறநாட்டுப் படங்களைப் பற்றியும் நம் வட்டாரத்து நண்பர்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். கதை என்ன, படம் மெதுவாகப் போகிறதா என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலான எழுத்துகள் நின்றுவிடுகின்றன. ஒளிப்பதிவைப் பாராட்டி ஒரு வரியும் நடிப்பைப் பாராட்டி ஒரு வரியும் சேர்த்துவிட்டால் விமர்சனம் முடிந்ததாகக் கருதுகிறோம். காதில் விழுந்தது என்ன என்று எவரும் எழுதுவதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020-க்குப் பின் வந்தவற்றுள் என்னைப் பெரிதும் உலுக்கிய படங்கள், தாம் சொல்ல வந்ததில் பெரும்பகுதியை ஒலியில்தான் வைத்திருக்கின்றன. அதைக் கேளாமல் எழுதும் விமர்சனம் பாதிப் படத்துக்கு எழுதிய விமர்சனமே ஆகும்.

கொட்டுக்காளியை எடுத்துக்கொள்வோம். பி. எஸ். வினோத்ராஜின் இந்த இரண்டாவது படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. பின்னணி இசையே இல்லாத படம் என்று எல்லோரும் எழுதினார்கள். இல்லாததைப் பற்றி எழுதியவர்கள் இருப்பதைப் பற்றி எழுதவில்லை. சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. பத்துப் போட்ட கழுத்தோடுதான் படம் முழுக்க வருகிறார். வீட்டின் அதிகாரம் அத்தனையும் அவர் கையில் இருக்கிறது, ஆனால் குரல் உடைந்து கிடக்கிறது. அவருக்கென்று குடும்பம் பேசி வைத்திருக்கும், அன்னா பென் நடித்த மீனாவுக்குக் குரலில் ஒரு குறையும் இல்லை. அவள் மனம் வேறொருவர் மேல் இருக்கிறது. அவள் பேச மறுக்கிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிய குடும்பம், ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலும் ஏறி அவளைச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகிறது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு கேட்கிறது. மீனா அதை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடித்துத் துவைத்துவிடுகிறார். தன் குரல் போன ஓர் ஆணுக்கு, தன் அனுமதியில்லாமல் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து எழும் சிறு ஓசைகூடப் பொறுக்கவில்லை. இதைக் காட்டுவதற்கு இயக்குநருக்கு ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

ஜானதன் கிளேசர் இயக்கிய தி சோன் ஆஃப் இன்ட்ரஸ்ட் 2023-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் இரண்டாம் பரிசான கிராண்ட் பிரி பெற்றது. மறு ஆண்டு சிறந்த பன்னாட்டுப் படத்துக்கும் சிறந்த ஒலிக்கும் ஆஸ்கர் வாங்கியது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ் குடும்பத்தோடு வாழும் வீடும் தோட்டமும்தான் களம். முகாம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கேமரா மதிலைத் தாண்டிச் சென்று அங்கே நடக்கும் கொலைகளைக் காட்டுவதில்லை. துப்பாக்கிச் சத்தம், அதட்டல், அலறல், பிணங்களை எரிக்கும் உலைகளின் இடைவிடாத உறுமல் ஆகியவை மட்டும் மதிலைத் தாண்டி வருகின்றன. வீட்டார் ரோஜாச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விருந்துக்கு வந்த தளபதியின் மாமியார் ஓர் இரவில் ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விடுகிறார். அவர் போனதன் காரணத்தைப் படம் சொல்வதில்லை. அதுவரை அவர் கேட்ட அத்தனையையும் நாமும் கேட்டிருப்பதால் நமக்குச் சொல்லவேண்டியதும் இல்லை.

ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி 2025-இல் கானில் முதன்மைப் பரிசான தங்கப்பனையை வென்ற இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட் படத்துக்கு ஒரு கிறீச்சொலிதான் அச்சாணி. ஈரானில் அனுமதி பெறாமல் மறைவாக எடுக்கப்பட்ட படம் இது. முன்னாள் கைதி ஒருவர், பணிமனைக்கு வந்த ஒரு மனிதரின் செயற்கைக் கால் எழுப்பும் ஓசையைக் கேட்டு, சிறையில் தன்னை வதைத்த அதிகாரி இவர்தான் என்று நம்புகிறார். சிறையில் கண்கள் கட்டப்பட்டிருந்ததால் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஓசை ஒன்றை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்குத் தண்டனை கொடுக்கலாமா என்பதே படத்தின் அறக்கேள்வி. முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்கப் போகிறவர்கள் கடைசி நிமிடத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பலரும் கொண்டாடும் சில படங்கள் எனக்குச் சற்றுக் கீழேதான் நிற்கின்றன. 5 ஆஸ்கர் விருதுகள் பெற்ற அமெரிக்கப் படமான அனோராவின் வேகம் பிடித்தது, ஆனால் எதுவும் உள்ளே தங்கவில்லை. கொட்டுக்காளி வந்த அதே நாளில் வந்த வாழை நம் மண்ணின் கதை. மாரி செல்வராஜின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அதன் இறுதிப் பகுதியில் இசை எனக்கு முன்னால் ஓடிப்போய் எனக்காக அழுதுவிட்டது. நான் அழ இடம் கிடைக்கவில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தென்காசி ரசிகர்

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இரவுக்காட்சிக்கு வருகிறவரிடம், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார் என்று சொல்வது நியாயம்தானா என்று யோசிக்கிறேன். கொட்டுக்காளியை நானும் குடும்பத்தோடுதான் பார்த்தேன். சாமியாரிடம் வேறொரு பெண் படும் பாட்டைப் பாண்டி பார்த்து நிற்கும் இடத்தில் படம் சட்டென்று முடிந்ததும், அரங்கில் இருந்தவர்கள் ஏமாந்து போனது உண்மை. மீனாவுக்கு என்ன ஆனது என்று என் தாயார் வீடு வந்து சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கதையைத் தொடங்கியவருக்கு அதை முடிக்கும் கடமையும் உண்டு என்பது என் எண்ணம்.

வள்ளியூர் மைக்செட்

கோயில் கொடைகளுக்கும் கல்யாணங்களுக்கும் மைக்செட் போடுவது எங்கள் குடும்பத் தொழில். சினிமா விமர்சனம் எழுதிப் பழக்கமில்லை. ஒலியைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

அண்ணாச்சி சொன்ன அந்தப் பாட்டுக் காட்சியில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஓர் உண்மை இருக்கிறது. குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி நிற்காது. மனிதக் குரலும் நாதசுரமும் இருக்கிற நடுத்தொனிதான் அதில் விறைப்பாக வெளியே வரும்; அதனால்தான் வயல்வெளியைத் தாண்டி அடுத்த ஊருக்குப் பாட்டின் சொல் போய்ச் சேருகிறது, தாளம் போய்ச் சேர்வதில்லை. காற்று திரும்பினால் பாதி வரி தொலைந்து போகும், மறுபாதி பக்கத்தில் நின்று பாடுவது போலத் தெளிவாகக் கேட்கும். ஒரு பெண் மனத்துக்குள் தனியாக இருக்கும்போது எங்கிருந்தோ பாட்டு அவளைத் தேடி வந்து சேர்வது எங்கள் பக்கத்தில் நடக்கக்கூடிய காரியம்தான். அந்த இடத்தில் ஸ்டூடியோவில் பதிவான பாட்டைச் சுத்தமாகப் போட்டிருந்தால் காட்சியே பொய்யாகியிருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் படங்கள் மெதுவாக இருக்கின்றன என்று தோன்றுவதற்குப் பாதிக் காரணம் நாம் அவற்றைக் கேட்கும் இடம். திரையரங்குகளில் ஒலிக் கருவியின் அளவு 7 என்ற புள்ளியில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. படத்துக்கு ஒலி சேர்ப்பவர்கள் அந்தப் புள்ளியை நம்பித்தான் சேர்க்கிறார்கள். பெரிய நடிகர்களின் படங்களில் சண்டையும் பாட்டும் காதைப் பிளக்கின்றன என்று பார்வையாளர்கள் முறையிடுவதால், அரங்குக்காரர்கள் அதை 5 அல்லது அதற்கும் கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். மறுவாரம் ஓசை குறைந்த படம் வரும்போது யாரும் அதை ஏற்றுவதில்லை. செருப்புச் சத்தம், மூச்சுச் சத்தம், தூரத்து நாய்க்குரைப்பு எல்லாம் குளிர்சாதன இரைச்சலுக்கு அடியில் புதைந்துவிடுகின்றன. நம் பக்கத்து அரங்கு ஒன்றில் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். வசனம் முழுக்க வருவது அந்த நடு ஸ்பீக்கரில்தான். அதைப் பற்றிச் சொன்னபோது, யாருமே இதுவரை புகார் சொல்லவில்லையே என்று பதில் வந்தது.

கைபேசியில் பார்ப்பதோ இன்னும் மோசம். நீங்கள் எழுதிய அந்த ஜெர்மானியத் தளபதி வீட்டுப் படத்தில் உலையின் உறுமல் அடித்தொனியில் இருக்கிறது. கைபேசியின் ஸ்பீக்கரில் அது வெளியே வரவே வராது. அப்படிப் பார்த்தவருக்கு ஒரு குடும்பம் தோட்டத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பதுதான் படம். அவர் தூங்கிப்போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஸ்ரீவைகுண்டம் வாசகர்

வாழையைப் பற்றி எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

இயக்குநரின் இளமைக் காலத்தில் நடந்த ஒரு லாரி விபத்தை வைத்து எடுத்த படம் அது. வாழைத்தார் சுமக்கப் போன கூலிக்காரர்கள் தார்களோடு தார்களாக லாரியில் ஏறி வந்த ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் அமைதி என்ற ஒன்று கிடையாது. பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள், கொட்டு முழங்குகிறது, துக்கத்துக்கு வந்தவர் தெருமுனையிலேயே குரல் எடுத்துக்கொண்டு வருகிறார். துக்கத்தை ஓசையாக மாற்றித்தான் நாங்கள் தாங்குகிறோம். சுடலைமாடன் கோயில் கொடையில் மகுடம் என்னும் பறையை அடித்துக் கணியான் பாடும்போதும், வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கையும் சேர்ந்து எழும்போதும், சாமியாடுகிறவர் தானாகச் சாமியாடுவதில்லை. ஓசை அவரை ஆடவைக்கிறது. அந்த மண்ணில் பிறந்தவர் படம் எடுத்தால் இசையைக் கொட்டித்தான் எடுப்பார். அதை உணர்ச்சி மிகை என்று தள்ளுவது, எங்கள் அழுகை சத்தமாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

மௌனம் ஒரு வகைச் சினிமாவின் மரபு. அந்த மரபு பெர்லினிலும் கானிலும் ராட்டர்டாமிலும் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். இசையில்லாத படத்தை உயர்ந்த படம் என்றும், இசையுள்ள படத்தை ஒரு படி தாழ்ந்த படம் என்றும் நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்களோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. வாழையின் முடிவில், செத்தவர்கள் கிடக்கும் வீட்டில் அந்தப் பையன் பசி தாங்காமல் சோற்றில் கை வைக்கிறான். அங்கே இசையை நிறுத்தியிருந்தால் அது ஒருவேளை இன்னும் பல விழாக்களுக்குப் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் அரங்கில் வாய்விட்டு அழுதிருக்க மாட்டார்கள்.

பாளை விமர்சகர்

ஸ்ரீவைகுண்டம் நண்பரின் மறுப்பு இந்த இழைக்குப் பெரிய பலம். அதற்குத்தான் முதலில் விடை சொல்லவேண்டும்.

ஒப்பாரி சத்தமானது என்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நான் கேட்பது, அந்த ஓசை யாருடையது என்பதை மட்டும்தான். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் அக்கா மூச்சு வாங்க நிறுத்துவார். மூக்கைச் சிந்துவார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் காப்பி குடித்தார்களா என்று பக்கத்தில் ஒருவர் மெல்லக் கேட்பார். புதிதாக ஒருவர் வாசலில் கால் வைத்ததும் குரல் மறுபடி உச்சிக்கு ஏறும். அந்த ஏற்றமும் இறக்கமும் அங்கே இருக்கும் மனிதர்களின் உடம்பிலிருந்து வருகின்றன. வாழையின் இறுதியில் இசை அந்த இடைவெளிகள் அனைத்தையும் நிரப்பிவிடுகிறது. மூச்சு வாங்கும் இடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தத் தாயின் தொண்டையை மட்டும் கேட்டிருந்தால் நான் இன்னும் நொறுங்கியிருப்பேன். அதே போல, சிறுவர்கள் தார் சுமந்து சேற்றில் இறங்கும் பகுதிகளில் நான் கேட்க ஏங்கியது சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் ஓசையைத்தான். ஆகவே என் குறை, ஊரின் ஓசையை இசை மூடிவிட்டதே என்பது. இசை இருக்கிறது என்பதற்காக நான் ஒரு படத்தையும் தாழ்த்தவில்லை.

விழாக்களைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இசையை நீக்கிவிட்டு, ஓர் ஆளை ஐந்து நிமிடம் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டால் கலைப்படம் ஆகிவிடும் என்று நம்பும் இயக்குநர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அந்த மௌனத்துக்குள் எதுவும் இல்லை. மௌனத்துக்குள் ஏதோ இருக்கும் படத்துக்கு எடுத்துக்காட்டாகத் தாய்லாந்து இயக்குநர் அபிசாட்போங் வீரசேதகுலின் மெமோரியாவைச் சொல்வேன். 2021-இல் கான் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்ட படம். ஒரு பெண்ணின் காதில் மட்டும் அவ்வப்போது பெரிய ஓர் ஓசை விழுகிறது. அது எப்படி இருந்தது என்று அவள் ஓர் ஒலிப்பதிவாளரிடம் போய் விவரிக்கிறாள். கடல்நீர் சூழ்ந்த உலோகக் கிணற்றில் பெரிய கான்கிரீட் உருண்டை விழுந்தால் எழும் ஓசை என்கிறாள். அவர் கணினியில் இருக்கும் ஓசைகளை எடுத்துப் போட்டுக் காட்டுகிறார்; அவள் இன்னும் மண்வாடை வேண்டும், இன்னும் உருண்டையாக வேண்டும் என்று திருத்துகிறாள். தன் துன்பத்தை இன்னொருவருக்குச் சரியாகச் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வி அந்த ஒரே காட்சியில் முழுதாக இருக்கிறது. வள்ளியூர்த் தம்பிக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

தென்காசி நண்பருக்கு: கொட்டுக்காளி முடியவில்லை என்பது எனக்கு உடன்பாடில்லை. மீனா மாறப்போவதில்லை என்பது முதல் காட்சியிலிருந்தே தெரிகிறது. அவளுடைய முடிவு முன்னமே எடுக்கப்பட்டுவிட்டது. இனி மாறக்கூடியவர் பாண்டி ஒருவர்தான். பேய் ஓட்டுகிறேன் என்று ஒரு பெண்ணின் உடம்பில் நடத்தப்படுவதை முதன்முதலாக வெளியே நின்று பார்க்கிறார். அவர் என்ன செய்வார் என்று இயக்குநர் ஒரு விடையைக் கொடுத்திருந்தால், அந்த நல்லவரையோ கெட்டவரையோ அரங்கிலேயே விட்டுவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். உங்கள் தாயார் வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார் என்றால், படம் தன் வேலையை அவரிடம் செய்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பேட்டை வாசகர்

ஒலி முக்கியம் என்பதை ஏற்றுக்கொண்டு ஒரு படத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த பெர்ஃபெக்ட் டேஸ், டோக்கியோவில் பொதுக்கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமாவின் அன்றாட வாழ்க்கை. அதற்காகக் கோஜி யாகுஷோ 2023-இல் கானில் சிறந்த நடிகர் விருது பெற்றார். என் நண்பர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு, எளிய வாழ்க்கையில் எவ்வளவு அமைதி என்று உருகி எழுதினார்கள்.

என் தந்தை துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எனக்கு உருக முடியவில்லை. படத்தில் வரும் கழிப்பறைகள் ஷிபுயா பகுதியில் தடாவோ ஆண்டோ, ஷிகேரு பான், கெங்கோ குமா போன்ற பெரும் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தவை. படம் பிறந்ததே அந்தத் திட்டத்தைப் பற்றி ஏதேனும் எடுத்துத் தரும்படி வெண்டர்ஸை அழைத்ததால்தான். அங்கே அழுக்கு என்று கண்ணில் படுவது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹிராயாமா நல்ல வேனில் போகிறார், கேசட்டில் பாட்டுக் கேட்கிறார், மரநிழலில் உட்கார்ந்து படம் பிடிக்கிறார். அவர் வசதியான குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர் என்பதற்கான குறிப்பும் படத்தில் உண்டு. அதாவது அந்த வேலையை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். நம் நாட்டில் இந்த வேலையை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை, சாதி தேர்ந்தெடுக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திவ்யபாரதி எடுத்து 2017-இல் வந்த கக்கூஸ் ஆவணப்படத்தைப் பார்த்தவர் எவருக்கும் பெர்ஃபெக்ட் டேஸின் அமைதி எளிதில் செரிக்காது.

ஆனாலும் அந்தப் படத்தில் ஓர் ஓசை என்னை நிறுத்திவிட்டது. விடியுமுன் தெருவில் ஒருவர் வாரியலால் பெருக்கும் சத்தம். அதைக் கேட்டுத்தான் ஹிராயாமா ஒவ்வொரு நாளும் கண் விழிக்கிறார். என் வீட்டில் அந்தச் சத்தம் எங்களை எழுப்பியதில்லை. அந்தச் சத்தத்தை எழுப்புவதற்காக என் தந்தை எங்களுக்கு முன்னால் எழுந்து போய்விட்டிருப்பார். கழிப்பறை துடைப்பவரின் தூக்கத்தைக்கூட இன்னொரு பெருக்குபவரின் உழைப்புத்தான் முடித்துவைக்கிறது என்பதை வெண்டர்ஸ் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, படத்தில் இருக்கும் ஒரே உண்மையான வர்க்கச் செய்தி எனக்கு அதுதான்.

அம்பை ஆசிரியை

பேட்டைத் தம்பி எழுதியதை இருமுறை படித்தேன். ஹிராயாமாவின் கடைசி நெருக்கக் காட்சியில் அவர் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் கிடந்து தவிப்பதை வைத்து நான் அந்தப் படத்தைக் கொஞ்சம் உயர்வாகவே நினைக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் சிறார் திரைப்படத் திரையிடல் தொடங்கியதிலிருந்து, மாணவர்களுக்கு உலகப் படம் புரியாது என்ற பேச்சை நான் நம்புவதில்லை. லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் எடுத்த ஃப்ளோ படத்தை எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் செய்து 2025-இல் ஆஸ்கர் வாங்கிய படம். ஒரு சொல்கூடப் பேச்சு இல்லை. ஒரு பூனை, ஊரை மூழ்கடிக்கும் வெள்ளம், ஒரு படகு, அதில் ஒவ்வொன்றாக வந்து ஏறும் விலங்குகள். அவை மனிதரைப் போலப் பேசுவதில்லை, அந்தந்த விலங்கின் குரலில்தான் கத்துகின்றன. பூனைக்கான ஒலியை ஒலிவடிவமைப்பாளர் தம் வீட்டுப் பூனையிடமிருந்தே பதிவு செய்தார். தென்னமெரிக்காவின் பெரிய கொறிவிலங்கான காப்பிபாராவின் உண்மைக் குரல் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒட்டகக் குட்டியின் குரலை வைத்தார்கள். காப்பிபாராவை எங்கள் பிள்ளைகளில் எவரும் பார்த்ததில்லை. ஆயினும் அது சோம்பேறி, ஆனால் நல்லது என்று குரலைக் கேட்டதுமே ஒரு சிறுமி சொல்லிவிட்டாள்.

வெள்ளம் வரும் இடத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடிய அந்த இரவு அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மின்சாரம் இல்லாத இருட்டில் ஆற்றைக் காதால் மட்டுமே அறிந்தவர்கள் அவர்கள். படத்தில் தண்ணீர் ஏறும் சத்தம் சரியாக இருக்கிறது டீச்சர் என்று ஒரு பையன் சொன்னான். நான் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு தகுதியுள்ள ஒரு பாராட்டைப் பார்க்கவில்லை.

தென்காசி ரசிகர்

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு கேட்கிறேன், இந்தப் படங்களை நாம் நல்ல ஒலியோடு எங்கே பார்ப்பது? டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவுக்குத் திருவனந்தபுரம் போகலாம். சென்னையைவிட நமக்கு அது கிட்டத்தில் இருக்கிறது. விடுப்புக் கிடைப்பவர்களுக்கு அது சரி. கிடைக்காதவர்களுக்கு என்ன வழி?

பாளை விமர்சகர்

1990-களில் காஞ்சனை திரைப்பட இயக்கம் திருநெல்வேலியில் உலகப் படங்களைத் திரையிட்டுக்கொண்டிருந்தபோது, பார்க்கக் கிடைத்ததே பெரும் பேறாக இருந்தது. இன்று பார்க்கக் கிடைக்கிறது, கேட்கத்தான் கிடைப்பதில்லை. தென்காசி நண்பர் கேட்டதற்கு நாமே ஒரு திரையிடலைச் செய்து பார்ப்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

முதல் படமாக, கொட்டுக்காளிக்கு முன் வினோத்ராஜ் எடுத்த கூழாங்கல்லைப் போடலாம் என்பது என் பரிந்துரை. 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற படம், இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். குடிகாரத் தகப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். கடைசியில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றிக் காத்திருந்து, ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். படம் முழுவதும் வறண்ட காற்றையும் தகப்பனின் கத்தலையும் கேட்ட பிறகு அந்தத் தண்ணீரின் ஓசை எப்படி வந்து விழுகிறது என்பதை எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்கவேண்டும். ஸ்ரீவைகுண்டம் நண்பர் கட்டாயம் வரவேண்டும். அதே கருவியில், அதே அளவில் அடுத்ததாக வாழையையும் போடுவோம். அந்தச் சாவு வீட்டுக் காட்சியைக் குறித்து அப்போது நேருக்கு நேர் பேசுவோம். பேட்டைத் தம்பி தேர்ந்தெடுக்கும் ஒரு படம் மூன்றாவதாக இருக்கட்டும்.

வள்ளியூர் மைக்செட்

பெட்டிகளும் ஆம்பும் என் பொறுப்பு அண்ணாச்சி, வாடகை வேண்டாம். திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு நல்ல பெட்டி, இரண்டு ஓரத்திலும் இரண்டு, அடித்தொனிக்குத் தனியாக ஒன்று போதும். மண்டபத்தில் எதிரொலி இருந்தால் வசனம் கலங்கிவிடும். சுவரோரம் தொங்கவிடப் பழைய ஜமுக்காளங்களைக் கொண்டு வருகிறேன். மின்விசிறிகளை நிறுத்தினால் புழுங்கும், ஓடவிட்டால் படத்தில் பாதி போய்விடும். ஆகையால் மார்கழிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கைபேசியை அமைதியில் போட்டால் போதாது, மேசைமேல் அதிர்ந்தாலும் கேட்கும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அம்பை ஆசிரியை

மார்கழி சரியாக இருக்கும், அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வரும். எனக்குத் தெரிந்த மண்டபம் ஒன்று பாளையில் இருக்கிறது. ரயில் தடத்திலிருந்து தள்ளியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். படத்துக்கு உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி கேட்கும் கடிதத்தை அண்ணாச்சி இந்த வாரத்திலேயே எழுதிவிட்டால் நல்லது. பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்பதையும் சொல்லுங்கள்; கூழாங்கல்லில் வரும் அடிதடியைப் பற்றி அவர்களின் பெற்றோரிடம் நான் முன்கூட்டியே பேசவேண்டியிருக்கும்.